அக்காவின் பெயரில் இரண்டு கேஸ்

என் ஆய்வுக்கு நெறியாளராக இருந்த பேராசிரியர் தெரிந்தே பொய் எழுதினார். தவறிப்போய் எழுதவில்லை. விவரம் போதாமலும் எழுதவில்லை. உண்மையைத் தன் காதால் கேட்டு, தன் கையால் நோட்டில் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு அதற்கு நேர்மாறாகப் புத்தகம் போட்டார். செஞ்சிப் பக்கத்து மலைகளை மொட்டையடித்தது அடிவாரத்து ஏழை ஜனங்களின் அரிவாளும் ஆடும்தான் என்று சொல்லும் அந்தப் புத்தகம் இன்றைக்கும் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. அதன் கடைசியில் அச்சாகியிருக்கும் பெயர்ப் பட்டியலில் என் அக்காவின் பெயர் இரண்டு தடவை வருகிறது. அந்தப் பட்டியலைத் தயாரித்தவன் நான்.

எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம். ஊருக்குப் பின்னால் ஒரு மலை. கோட்டை மலைகளைப் போலவே பாறைமேல் பாறை, இடுக்குகளில் முள்ளும் புதரும். வெள்ளைக்காரன் காலத்தில் அதைச் சுற்றிக் கல் நட்டு, இனி இது சர்க்கார் காடு என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவில் மாதா கோயில் உண்டு, யாருக்கும் நிலம் கிடையாது. ஆண்கள் அடுத்தவன் நெல்லை அறுத்தார்கள், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கினார்கள். பெண்கள் மலையேறிச் சுள்ளி பொறுக்கி, கட்டிச் சுமந்துபோய் செஞ்சிக் கடைத்தெருவில் விற்றார்கள். அம்மா சீக்கிரம் போய்விட்டாள். என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா அதே தெருவில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். அவள் சுமந்த விறகில்தான் எங்கள் வீட்டு அடுப்பும் எரிந்தது, நான் படித்த படிப்பும் நடந்தது.

பங்குச் சாமியார் பரிந்து எழுதிய கடிதத்தில் ஹாஸ்டலில் சேர்ந்தேன். பிறகு கல்லூரி. அறுபதுகளின் தொடக்கத்தில் வரலாற்றில் ஆய்வு செய்ய அந்தப் பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தேன். அந்த நாளில் சரித்திரம் என்றால் ராஜாக்கள், கல்வெட்டு, சண்டை. அவர் மட்டும் வேறு மாதிரி. வெள்ளைக்காரன் இங்கே கொண்டுவந்த காட்டு விஞ்ஞானம், மழை அளந்த கணக்கு, எந்த மரத்தை வெட்டலாம் எதை வெட்டக்கூடாது என்று போட்ட சட்டம், இவைதான் அவருடைய பாடம். மற்ற வாத்தியார்கள் அவரை "விறகுக்கடை சரித்திரம்" என்று கேலி செய்தார்கள். நான் அவரைக் கும்பிடாத குறையாக இருந்தேன். எங்கள் மலையையும் ஒரு மனிதர் சரித்திரம் என்று சொல்கிறாரே என்று பூரித்துப்போனேன். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய்யன்.

"உங்க ஊர்ப் பக்கம்தானே? ஃபாரஸ்ட் ரேஞ்ச் ஆபீஸ்ல பழைய ரிக்கார்டு எல்லாம் இருக்கும். போய்ப் பாரு" என்று அனுப்பினார்.

இருந்தது. காட்டுக் குற்றங்களைப் பதியும் கேஸ் பதிவேடு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஆண்டுக்கு ஒன்றாக இருந்தவற்றில், கரையான் அரித்தது போக மிச்சம். யார், எந்த ஊர், என்ன வெட்டினார், என்ன அபராதம், கீழே கையெழுத்து அல்லது கட்டைவிரல் ரேகை. அதைத் திறந்து வைத்துக்கொண்டு வெராண்டாவில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்தேன். அமாவாசை அன்று மட்டும் ஆபீஸ் திறக்காது. குமாஸ்தா மேல்மலையனூர் அம்மன் கோயில் ஸ்பெஷல் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு என்னை வம்புக்கு இழுப்பார்.

"இன்னாப்பா, யார் வூட்டுப் பொண்ணுக்கு ஜாதகம் பாக்கறே? தெனமும் வந்து எய்திக்கினே கீறியே."

"ஆராய்ச்சி சார்."

"திருடன் பேர எய்தறதுக்கு ஒரு ஆராய்ச்சியா? நாங்க எய்தனா சம்பளம், நீ எய்தனா பட்டமா?"

பதிவேட்டில் கேஸ்கள் மாதவாரியாகக் கிடந்தன. ஒருவர் பெயர் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று கேட்டால் காட்டிலாகாவுக்கே தெரியாது. யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். ஆய்வுக்காரன் செய்கிற வேலை அதுதானே. அட்டை வாங்க வழியில்லாததால் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேகரித்து வெட்டி, பின்பக்கத்தில் குடும்பத்துக்கு ஒரு அட்டை போட்டேன். தகப்பன், மகன், மனைவி, எந்த ஆண்டு, என்ன குற்றம். அட்டைகளை அடுக்கி முடித்த நாளில் எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

இத்தனைக்கும் அந்தக் கேஸ்கள் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெருவில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அதற்கு "முறை கேஸ்" என்று பெயர்.

காட்டைக் காவல் காக்கும் ஃபாரஸ்ட் கார்டு மாதத்துக்கு இத்தனை கேஸ் பிடித்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ரேஞ்சர் அவரைத் திட்டுவார், தண்ணியில்லாத இடத்துக்கு மாற்றுவார். ஜனங்களுக்கு மலை வேண்டும். சுள்ளி பொறுக்கச் சீட்டு உண்டு என்றாலும், கார்டு நினைத்தால் எந்தக் கட்டையும் பச்சை மரம் என்று சொல்லிப் பிடிக்கலாம். அதனால் மலையைச் சுற்றி இருந்த ஊர்களெல்லாம் என் தாத்தா காலத்திலேயே கார்டுகளோடு ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருந்தன. ஒவ்வொரு ஊரும் ஆண்டுக்கு இரண்டு மூன்று கேஸ் கொடுத்துவிடும். கோயில் முனையிலிருந்து வீட்டு வரிசைப்படி முறை வரும். முறை வந்த வீட்டிலிருந்து ஒருவர் போய் நிற்க வேண்டும். அபராதத்தைத் தெருவே சேர்ந்து கட்டும். சாட்சிக்கு ஒரு பச்சை விறகுக்கட்டு. அந்தக் கட்டைப் பல சமயம் கார்டே கொண்டுவருவார். போன மாதம் பக்கத்து ஊர்க் கேஸுக்குக் காட்டிய அதே கட்டு, காய்ந்து சருகாகிப் போயிருக்கும். பதிவேட்டில் "பச்சை மரம்" என்றுதான் எழுதுவார்கள்.

எங்கள் தெருவில் கண் தெரியாத ஒரு பெரியவர் இருந்தார். அவர் வீட்டு முறைக்கு அவரே போய் நின்றார். மலையுச்சியில் ஆலமரத்தில் ஏறிக் கிளை வெட்டியதாக அவர்மேல் கேஸ். தெரு ஒரு வாரம் சிரித்தது.

அக்காவின் இரண்டு கேஸும் இப்படி வந்தவைதான். முதலாவது, அக்காவின் கணவர், என் மாமா வீட்டு முறை. மாமா அப்போது காய்ச்சலில் படுத்திருந்தார், அக்கா போய் நின்றாள். இரண்டாவது எங்கள் வீட்டு முறை. நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாதான் போக வேண்டும். அந்தச் சமயத்தில் நான் மேல்படிப்புக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தேன். நன்னடத்தைச் சான்று வேண்டும், வீட்டில் யார்மீதும் வழக்கு இருக்கக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். நைனா என்ன செய்வதென்று தெரியாமல் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார். அக்கா விறகு விற்றுவிட்டு வந்தவள், சும்மாட்டைக்கூட எடுக்காமல் கேட்டாள்.

"இன்னா நைனா, யாரோ செத்த மாரி குந்திக்கினு இருக்கற?"

"மொறை வந்துடுச்சிம்மா. இவனுக்குப் பேப்பர்ல இன்னாவோ எய்தணுமாம். என் பேர்ல கேஸு இருந்தா ஆவாதாம்."

"அவ்ளோதானே. என் பேரக் குடு. நான்தான் கல்யாணம் கட்டிக்கினு வேற வூட்டுக்குப் போயிட்டவளாச்சே. இவன் பேப்பருக்கும் எனக்கும் இன்னா சம்பந்தம்?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "டேய், பெரிய ஆபீசரா வந்து என் கேஸக் கிழிச்சிப் போட்டுருடா" என்றாள்.

அக்காவின் பெயர் எழுதிய அட்டையைப் போட்ட அன்று எனக்கு இதெல்லாம் நினைவுக்கு வந்தது. வந்தும் எழுதினேன். ரிக்கார்டில் இருப்பதை விடக்கூடாது என்று பேராசிரியர் சொல்லிக்கொடுத்திருந்தார். பட்டியல் முழுமையாக இருக்கட்டும், அதன் அர்த்தத்தை அவரிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். என் முட்டாள்தனம் அதுதான். அர்த்தம் இல்லாமல் பட்டியலை ஒருவர் கையில் கொடுக்கக்கூடாது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பட்டியலைக் கொடுத்து, முறை கேஸைப் பற்றி அவரிடம் சொன்னேன். சந்தேகப்பட்டார். சரி, ஊருக்கு வாருங்கள் என்று அழைத்தேன். வந்தார்.

முப்பது வருஷம் அந்த மலையில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சிங்கவரம் போகிற வழியில் வீடு கட்டிக் குடியிருந்தார். நல்ல வெயில். வேப்பமரத்தடியில் மூன்று பேரும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தோம். பேராசிரியர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். கறுப்பு அட்டை போட்ட நீள நோட்டு. கிழவருக்கு ஒளிக்க ஒன்றுமில்லை, பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார்.

"கேஸா? நான் யாரை ஐயா புடிச்சேன்? ஒர்த்தனையும் புடிக்கல. அவங்களா வந்து நிப்பாங்க. இந்தப் பையன் தெருவு ரொம்ப ஒழுங்கு, மொறை தப்பாது. மத்த ஊருல நான் போயி கெஞ்சணும்."

"அப்போ மரத்தை யார் வெட்டினது?" என்று பேராசிரியர் கேட்டார்.

"கூப்பு ஏலம் எடுத்தவன், காட்டைப் பங்கு பங்கா குத்தகைக்கு எடுத்த கண்ட்ராக்டரு, அவன் வெட்டனான். லாரி லாரியா போச்சி. அதுக்கு சர்க்கார் சீல் இருக்குது, நான் இன்னா கேஸு போட முடியும்? அந்தக் காலத்துல ரயிலுக்குக் கட்டையா போச்சாம், எங்கப்பன் சொல்லுவான், அவனும் கார்டுதான். இவங்க சுள்ளி பொறுக்கியா மலை மொட்டையாவும்? இன்னா ஐயா படிச்சவங்க நீங்க."

கிழவர் சிரித்தார். பேராசிரியரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "முறை" என்று தமிழிலேயே எழுதி அடியில் கோடு போட்டார். அந்தக் கோட்டை நான் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் வழியில், "இன்ட்ரஸ்டிங். ஆனா இது வாய்ப்பேச்சு. டாக்குமென்ட் இருக்கா?" என்றார்.

டாக்குமென்ட் இருந்தது. அந்தப் பதிவேடேதான். நான் ஊருக்குப் போய்த் தெருவைப் படமாக வரைந்தேன். கோயில் முனையிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் எண் போட்டு, கேஸ் வந்த தேதிகளை அதில் குறித்தேன். கேஸ்கள் வீட்டு வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருந்தன. கடைசி வீடு முடிந்ததும் மறுபடி முதல் வீடு. திருடுகிறவன் கதவு எண் பார்த்து வரிசையாகவா திருடுவான்? படத்தைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். "நல்ல வேலை" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

கூப்பு ஏலப் பதிவேடுகளையும் பார்க்க அவர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், இலாகாவில் எடுத்துக் கொடுப்பார்கள் என்று கேட்டேன். "அது நம்ம ஸ்கோப்புக்கு வெளியே" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இலாகாதான் அவருக்கு ஆவணங்களைத் திறந்துவிட்டது, இலாகா அமைத்த குழுவில் அவர் உறுப்பினர், மலைகளை மறுபடி பசுமையாக்க யோசனை சொல்லும் குழு. லாரிகளைப் பற்றி எழுதினால் அந்த நாற்காலி இருக்காது.

அறுபதுகளின் நடுவில் புத்தகம் வந்தது. என் படமும் அதில் இருந்தது, சுத்தமாக வரைந்து, வீட்டு எண்களோடு. கீழே அவர் எழுதிய விளக்கம்: கிராமத்தார் வீடுவாரியாக முறை வைத்துக்கொண்டு, திட்டமிட்டு, தலைமுறை தலைமுறையாகக் காட்டைச் சூறையாடினார்கள். அந்தக் கால வெள்ளைக்கார அதிகாரிகள் சந்தேகப்பட்டது சரியே. விஞ்ஞானம் அன்றே எச்சரித்தது, ஜனங்கள் கேட்கவில்லை. கார்டைப் பற்றி ஒரு வரி இல்லை. முன்னுரையில் "தகவல் திரட்ட உதவிய மாணவருக்கு" நன்றி சொல்லியிருந்தார்.

இலாகாக் குழுவின் அறிக்கை, புத்தகத்தின் கடைசியில் இருந்த பெயர்ப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டது. பத்து ஆண்டுக்குள் ஒருவர் பெயர் இரண்டு தடவை வந்திருந்தால் அவர் பழக்கக் குற்றவாளி, அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் இனி விறகுச் சீட்டு கிடையாது. முறை பத்து ஆண்டுக்குள் ஒரு வீட்டுக்கு இரண்டாவது தடவை வராது. அப்படியானால் இரண்டு தடவை பெயர் வந்தவர்கள் யார்? தன் வீட்டு முறைக்கும் நின்று, அடுத்த வீட்டுக்காரனின் நோய்க்காகவோ கல்யாணத்துக்காகவோ இரக்கப்பட்டும் நின்றவர்கள். தனக்கென்று மட்டும் நின்றவன் தப்பினான். என் அட்டைகள் எங்கள் தெருவின் நல்லவர்களைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தன.

அக்கா சீட்டு வாங்க வரிசையில் நின்ற அன்று அதே குமாஸ்தா அச்சடித்த பட்டியலை எடுத்துப் பெயரைப் படித்தாராம். "ஒனக்குக் கிடையாதும்மா, நீ ரெண்டு வாட்டி கீற" என்றாராம். அவள் நேராக என்னைத் தேடி வந்தாள். நான் விடுமுறைக்கு வந்திருந்தேன்.

"நான் மலையில வெட்டனேன்னு எய்தி வச்சிக்கிறியாமே?"

"ரிக்கார்டுல இருந்ததை எடுத்தேன்கா. அர்த்தத்தை மாத்தினது அவர்."

"எவரு? உங்க சாரா? அவுருக்கு என் பேர் இன்னா தெரியும்? என் பேர எய்தினது எவன் கையி?"

அவளே தொடர்ந்தாள்.

"நைனா பேர்ல கேஸு இருந்தா ஒனக்குப் படிப்பு போயிடும்னு நான் நின்னேன். இப்ப என் பேர்ல கேஸு இருக்குதுன்னு என் பொழப்பு போச்சி. ரெண்டும் நீ படிச்சதுக்குத்தான்டா." இதைக் கத்திச் சொல்லவில்லை. விலை சொல்வதுபோல் சொன்னாள். பிறகு, "கேஸக் கிழிக்கறேன்னு போனவன் பிரிண்ட்டு போட்டு எட்த்துக்கினு வந்துட்டான்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாளே பேராசிரியரிடம் போனேன். கார்டு சொன்னதைத் தாங்கள் எழுதிக்கொண்டீர்களே சார், அதை ஒரு வரி சேர்த்துக் குழுவுக்குக் கடிதம் எழுதுங்கள், எங்கள் அக்காவின் பிழைப்பு போகிறது என்று கேட்டேன்.

"உங்க அக்கா பேரும் அதில் இருக்கா? அப்போ நீ இதுல பேசவே கூடாது. நீ ஆய்வாளனா, அவங்க வக்கீலா?" என்றார். பிறகு மேஜையிலிருந்த என் ஆய்வேட்டை ஒரு விரலால் தட்டி, "இது அடுத்த மாசம் போகணும் இல்ல?" என்றார்.

அவருடைய கையெழுத்து வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டேன். பட்டம் வாங்கினேன். அவர் எழுதிய பரிந்துரையில் வேறொரு ஊரில் வேலை கிடைத்தது. அங்கே பல வருஷம் வெள்ளைக்காரனின் மழைக் கணக்கைப் பற்றியும் ஏரிகளைப் பற்றியும் பாடம் நடத்தினேன், கட்டுரை எழுதினேன். எங்கள் மலையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அக்கா சாலைக்குக் கல் உடைக்கப் போனாள். சில்லு தெறித்து இடது கண் போயிற்று. இந்தச் சம்பளக்காரத் தம்பி அனுப்பிய பணத்தை அவள் இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள், மூன்றாம் தடவை நான் அனுப்பவில்லை.

வேலை நிரந்தரமான பிறகு வெட்கம் வந்து, நடந்ததை ஒரு ஆய்விதழுக்கு எழுதினேன். நெறியாளர்மேல் மாணவனுக்குள்ள சொந்த மனத்தாங்கலை வெளியிட இயலாது என்று பதில் வந்தது. அதற்குள் கார்டு இறந்துவிட்டார். அந்த வேப்பமரத்தடியில் இருந்த மூன்று பேரில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். பேராசிரியர் ஓய்வு பெற்றுத் தன் நோட்டுகளை எல்லாம் ஒரு நூலகத்துக்குக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். கறுப்பு அட்டை நோட்டுகள் எல்லாம் இருக்கின்றன. அந்த ஆண்டின் நோட்டு மட்டும் இல்லை. கொடுக்கும்போதே இல்லை என்று நூலகர் சொன்னார்.

போன மாதம் அக்காவின் மகள், மலையடிவாரத்தில் காட்டிலாகா நடத்தும் நாற்றங்காலில் கூலி வேலை கேட்டாள். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. அம்மா பெயர் பட்டியலில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே மாதம், அந்தப் புத்தகத்தின் புதிய பதிப்பை வெளியிட்டு, செஞ்சியிலேயே அவருக்குப் பாராட்டு விழா எடுக்கப் போகிறார்கள் என்று எனக்கும் அழைப்பிதழ் வந்தது.

பேராசிரியர் ஐயா, இனி உங்களிடமே பேசுகிறேன். உங்களுக்கு வயதாகிவிட்டது. எனக்கும்தான். வீட்டுக்கு வா, தனியாகப் பேசலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். தனியாகப் பேசியது போதும். விழா மேடையில், மைக்கில், எங்கள் தெரு ஜனங்கள் கேட்கும்படி சொல்லுங்கள். கார்டு சொன்னதை நீங்கள் கேட்டீர்களா இல்லையா? எழுதிக்கொண்டீர்களா இல்லையா? அந்த நோட்டு எங்கே? கேட்கவில்லை என்று சொல்வதாயிருந்தால் அதையும் அங்கேயே, அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவளை முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். பட்டியலை எழுதியவன் நான்தான் என்று நானும் அதே மேடையில் ஏறிச் சொல்கிறேன், என்னை யார் என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். ஆனால் முதலில் நீங்கள் பதில் சொல்லுங்கள்.